பட்டன் இல்லாத பியானோ

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கட்டைதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. அந்த ஒரு கட்டையை வைத்துக்கொண்டு பெங்களூரில் கல்யாண ரிசப்ஷன், மாரியம்மன் கோயில் திருவிழா, காதுகுத்து, கார்ப்பரேட்டர் பிறந்தநாள் என்று பதினைந்து வருஷமாக ஒன்று விடாமல் கீபோர்டு வாசித்தவள் நான். வாசிப்பு சரியில்லை என்று ஒருத்தர் மேடை ஏறி வந்து சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என் வாயில் விழுந்திருப்பார், அது வேறு விஷயம்.

பாட்டுக்காரர்களுக்குக் கட்டை என்றால் சுருதி. ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டையிலிருந்து ஆரம்பித்துப் பாடினால் ஒரு கட்டை, பக்கத்துக் கறுப்பிலிருந்து பாடினால் ஒன்றரை, அடுத்த வெள்ளை இரண்டு, இப்படியே ஏழு வரைக்கும் போகும். ஆளுக்கொரு குரல், குரலுக்கொரு கட்டை. ஒரு கட்டையில் வாசித்தால் விரல் பெரும்பாலும் வெள்ளையிலேயே சுகமாக ஓடிவிடும். வேறு கட்டைக்குப் போனால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறிவிடும், விரல் புதிதாக வழி கற்க வேண்டும். அந்தத் தொல்லை எதற்கு என்றுதான் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறான் புண்ணியவான். அதை அமுக்கினால் போதும், நம் விரல் பழைய இடத்திலேயே நிற்கும், சத்தம் மட்டும் பாடுகிறவரின் கட்டைக்குப் போய்விடும். எங்கள் குழுவின் பாடகர் அண்ணன் மைக்கை மூடிக்கொண்டு "அக்கா, நாலு" என்பார். என் இடது கை பட்டனுக்குப் போகும். "அக்கா, ஒன்றரை" என்பார். மறுபடி பட்டன். எந்தப் பாடகருக்கு எந்தப் பாட்டில் எத்தனை கட்டை என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இந்த வாழ்க்கையில் எனக்கு ஒரே ஒரு குறை இருந்தது. சாயங்காலம் என்பது எனக்குக் கிடையாது. ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில் விளக்குப் போடுகிற நேரத்துக்கு நான் ஜரிகைப் புடவை கட்டிக்கொண்டு, கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டு, வண்டிக்கு நிற்பேன். என் கணவர் கம்பெனிக்காரர்களை ஏற்றிப் போகிற கேப் ஓட்டுகிறார், அவருக்கும் அதே நேரம்தான் ஓட்டம். நாலாம் வகுப்புப் படிக்கிற எங்கள் மகள் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கிவிடுவாள். நான் அவளைப் பார்ப்பது காலையில், பின்னல் போடுகிற நேரத்தில், அதுவும் பின்பக்கமாக. ஒருநாள் அவள் பள்ளிக்கூடத்தில் "என் அம்மா" என்று படம் வரையச் சொன்னபோது ஒரு சீப்பையும் ஒரு கையையும் வரைந்து கொடுத்திருக்கிறாள். டீச்சர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதனால்தான் பழைய மெட்ராஸ் ரோடு பக்கம் ஒரு தனியார் பள்ளியில் மியூசிக் டீச்சர் வேண்டும், பகல் வேலை, குழந்தைகள் பாடவும் ஆடவும் வாசிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதும், நம்பர் வாங்கி அந்த நிமிஷமே போன் போட்டேன். பிரின்சிபல் அம்மா கன்னடக்காரர், நல்ல மாதிரி பேசினார். ஒரு சின்ன இசைத் துண்டு அனுப்புவதாகவும், அதை அவர்கள் பள்ளி வயலின் சாரோடு சேர்ந்து வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

"என் கீபோர்டைத் தூக்கிட்டு வரவா மேடம்?"

"வேண்டாம்மா. இங்க ஹால்ல பியானோ இதெ."

நிஜப் பியானோவே இருக்கிறதாம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு தாளின் படமும், வயலினில் வாசித்த பதிவும் வந்தன. யாரோ வெள்ளைக்காரர் எந்தக் காலத்திலோ எழுதிய நடனம், இரண்டு நிமிஷம்கூட வராது. எனக்கு நோட்டேஷன் படிக்க வராது, காது இருக்கிறது. இருந்தாலும் தாளின் தலைமாட்டில் எழுதியிருந்ததை விடவில்லை. வேகத்துக்கு ஒரு வார்த்தை இருந்தது, போனைக் கேட்டதற்கு "விறுவிறுப்பாக" என்றது. அதற்குக் கீழே உணர்ச்சிக்கு ஒரு வார்த்தை, "விளையாட்டாக" என்று அர்த்தமாம். ஓரத்தில் மூன்று ஹேஷ் குறிகள். அது எந்தக் கட்டை என்பதற்கான அடையாளம். பதிவைக் கேட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆறு கட்டை. பட்டனை மூன்று தடவை கீழே தட்டினேன், விரலை வழக்கம்போல வெள்ளையில் வைத்தேன். தகிட தகிட என்று மூன்று தட்டில் துள்ளிக்கொண்டு போகிற சங்கதி. அன்று மத்தியானத்துக்குள் கைக்கு வந்துவிட்டது.

"என்னா, பியானோக்காரம்மா, முடிஞ்சிச்சா?" என்றார் கணவர், சட்டையை மாட்டிக்கொண்டே.

"ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிட்டேன். இதுக்குப் போய் டெஸ்ட்டு வெக்கிறாங்க பாரேன்."

இங்கே யாராவது கேட்கலாம், ஏம்மா, பியானோவில் பட்டன் கிடையாது என்று உனக்குத் தெரியாதா என்று. தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் மூக்குக்கண்ணாடி போடுகிறவருக்கு அது மூக்கின் மேல் இருக்கிறது என்ற நினைப்பா இருக்கும்? பதினைந்து வருஷமாக அந்தப் பட்டன் எனக்கு ஒரு விரல்.

பள்ளி ஹால் நீளமாக, காலியாக இருந்தது. மேலே மின்விசிறிகள் தடதடவென்று ஓடின. பியானோ சுவரோரமாக நின்றது, பழசுதான், ஆனால் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். வயலின் சார் என்று நான் யாரையோ நினைத்துக்கொண்டு போனால், மீசை சரியாக வளராத ஒரு தம்பி. கோயமுத்தூர்க்காரர், ஐ.டி. வேலையில் இருந்துகொண்டு வாரத்தில் இரண்டு நாள் இங்கே வயலின் சொல்லிக்கொடுக்கிறார். "வாங்கக்கா, உக்காருங்க. முதல் ரெண்டு வரி நான் தனியா வாசிக்கிறனுங்க, அப்பறம் நீங்க சேந்துக்குங்க" என்றார். பிரின்சிபல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

தம்பி இரண்டு வரி வாசித்தார். துள்ளலாக, சுத்தமாக இருந்தது. நான் இரண்டு கையும் வைத்துக் கம்பீரமாக உள்ளே இறங்கினேன்.

ஐயோ, அந்தச் சத்தம்! இரண்டு வீட்டுக் கல்யாணத்தை ஒரே மண்டபத்தில் வைத்த மாதிரி இருந்தது. பிரின்சிபல் நாற்காலியில் நிமிர்ந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையை எடுத்துவிட்டு, தம்பியைப் பார்த்து, மேடையில் புதுப் பையன்களை அதட்டுகிற அதே குரலில் சொன்னேன்.

"தம்பி, உங்க ஃபிடில் இறங்கிக் கெடக்கு. சுருதி பாத்துக்குங்க."

பாவம், அந்தப் பிள்ளை பக்கத்தில் வந்து பியானோவின் ஆறாவது வெள்ளையை ஒரு விரலால் தட்டி, தன் தந்தியையும் இழுத்துக் காட்டினார். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாக ஒலித்தன. அப்போதுதான் என் இடது கை தானாக மேலே போயிற்று. போய் மரத்தைத் தொட்டது. வழவழவென்ற மரம், வேறு ஒன்றுமில்லை. நான் ஒரு கட்டையில் வாசித்திருக்கிறேன், அவர் ஆறு கட்டையில் நிற்கிறார்.

"ஏனாயித்து, என்னாச்சும்மா?" என்றார் பிரின்சிபல்.

உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனால் மேடையில் கரண்டு போனாலும் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது எங்கள் தொழில். சிரித்தேன். "ஒண்ணுமில்ல மேடம், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, தம்பியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"தம்பி, நீங்க ஒரு கட்டைக்கு வந்துடறீங்களா? எனக்காக."

எங்கள் குழுவில் கண்ணைக் காட்டினால் போதும், எல்லாரும் வந்துவிடுவார்கள். தம்பி முழித்தார்.

"அக்கா, எனக்குப் பேப்பர்ல என்ன இருக்குதோ அதுதானுங்க வரும். மாத்தி வாசிச்சதே இல்லீங்க."

சரிதான். எனக்குப் பட்டன், அவருக்குப் பேப்பர். நல்ல ஜோடி. எழுந்து "நமஸ்காரம்" சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படிப் போனால் மறுபடி ஜரிகைப் புடவை, மறுபடி சீப்பும் கையும்தான். நான் போகவில்லை.

"அப்போ ஸொல்ப, கொஞ்சம் மெதுவா போலாம் தம்பி. ரொம்ப மெதுவா. நான் தேடித் தேடி வர்றேன், நீங்க விட்டுட்டுப் போயிடாதீங்க."

அவர் வில்லை இழுத்தார். நான் காதில் பாட்டை வைத்துக்கொண்டு, ஆறாவது வெள்ளையிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடினேன். இந்த இடத்தில் வெள்ளை சரியில்லை, பக்கத்துக் கறுப்பு. அப்புறம் வெள்ளை. அடுத்ததும் கறுப்பு. இருட்டு வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி போனேன். தம்பி எனக்காக ஒவ்வொரு சுரத்திலும் நின்றார், அந்தப் புண்ணியத்தை மறக்கவே மாட்டேன். துள்ளல் எல்லாம் போய்விட்டது. நாலைந்து வரி தாண்டிய பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் நான் வாசித்தபோது அது வெறும் ஜாலிப் பாட்டு. இங்கே, இந்த மெதுவான நடையில், யாரோ ஒருத்தர் இன்னொருத்தரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி இருந்தது. அதே சுரங்கள்தான், ஒன்றுகூட மாறவில்லை.

முடித்தபோது பிரின்சிபல் "சென்னாகிதே" என்றார், நன்றாக இருக்கிறதாம். எனக்கு உயிர் வந்தது. "ஆனா அம்மா, இது அந்தப் பீஸ் இல்லியே. இதுக்குக் கொழந்தைங்க டான்ஸ் ஆடணும். இந்த ஸ்பீடுல தூங்கிடுவாங்க."

நியாயம்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது என்று பட்டன் கதையை அப்படியே சொல்லிவிட்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த சனிக்கிழமை இன்னொருவர் வருகிறார், சர்டிபிகேட் எல்லாம் வைத்திருக்கிறார், அவரைத்தான் எடுக்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

"ஒந்து வார கொடி மேடம்" என்று அவர் பாஷையிலேயே ஒரு வாரம் டைம் கேட்டேன். "அதே சனிக்கிழமை நானும் வர்றேன். ஆறு கட்டையில, இதே பியானோவுல, டான்ஸ் ஆடற ஸ்பீடுல வாசிக்கிறேன். இல்லேன்னா நீங்க கூப்பிடவே வேணாம்."

சொல்லிவிட்டு வெளியே வந்ததும் என் தலையில் நானே தட்டிக்கொண்டேன். வாய் மட்டும் எப்போதும் முன்னால் ஓடிவிடுகிறது எனக்கு.

வீட்டுக்கு வந்தவுடன் மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒன்றை எடுத்து டிரான்ஸ்போஸ் பட்டன் மேல் அழுத்தி ஒட்டினேன். பள்ளிவிட்டு வந்த மகள் கீபோர்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்கு அடிபட்டுச்சா?" என்று கேட்டாள்.

"அதுக்கு இல்லடி, எனக்கு."

அந்த வாரம் குழுவுக்கு லீவு சொல்லிவிட்டேன். பாடகர் அண்ணன் கோபித்துக்கொண்டு, "ஒக்கலிபுரத்துல ரிசப்ஷனை வெச்சிக்கிட்டு இப்பிடிப் பேஜார் பண்றியே அக்கா" என்றார். அவருக்கு வேறு ஒரு பையனை ஏற்பாடு செய்து கொடுத்தேன். மற்றபடி சோறு வடிக்கிற நேரம் தவிர வாசிப்புதான். முதல் நாளெல்லாம் ஆமை வேகம். விரல் பழக்கத்தில் வெள்ளைக்கு ஓடும், நான் திட்டி இழுத்து வருவேன். கூடத்தின் ஒரு மூலையில் மகள் வீட்டுப்பாடம் எழுதுவாள், நான் இன்னொரு மூலையில் அதே பத்து வரிகளைத் திரும்பத் திரும்ப மெதுவாக வாசிப்பேன். அவள் எழுதிக்கொண்டே பாயில் சாய்ந்து தூங்கிப்போவாள். பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, எங்கள் வீட்டில் ஒரே பாட்டுதான் தெரியும் என்று சொல்லியிருக்கிறாள், கழுதை.

மூன்று கறுப்பும் மெல்ல மெல்லக் கைக்குப் பழகின. ஆறு கட்டை என்பது, சத்தத்தை மட்டும் தூக்கி வேறு இடத்தில் வைத்த ஒரு கட்டை இல்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. காதுக்கு எப்படியோ, கைக்கு அது வேறு ஊர். ஏறுகிற இடம் வேறு, மூச்சு வாங்குகிற இடம் வேறு. பதினைந்து வருஷமாக அத்தனை ஊருக்கும் போய்வந்தேன், ஒரு தெருவிலும் இறங்கி நடக்கவில்லை. பட்டனைக் குறை சொல்லவில்லை, அது எனக்குச் சோறு போட்டது. ஆனால் நடப்பது நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை மகள் பள்ளிக்குப் போன பிறகு முழு வேகத்தில் வாசித்தேன். ஒரு தடவைகூட இடறவில்லை. தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை அந்த சர்டிபிகேட்காரர் முதலில் வாசித்தார். நன்றாகவே வாசித்தார், பொய் சொல்லக் கூடாது. அடுத்து நான் உட்கார்ந்தேன். தம்பி "ரெடிங்களாக்கா?" என்று பயந்துகொண்டே கேட்டார். "நீங்க ஓட்டுங்க தம்பி, நான் பின்னாலயே வர்றேன்" என்றேன்.

ஓட்டினார். நான் சரியாக இறங்கினேன், வயலினும் பியானோவும் ஒன்றாகச் சேர்ந்து துள்ளின. பாதி தாண்டும்போது மேலே ஓடிய விசிறியின் காற்றில் தம்பியின் பேப்பர் பறந்து, ஹால் நடுவில் போய் விழுந்தது. பேப்பர் இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் வராதே! வில்லை நிறுத்திவிட்டு நின்றார், முகம் வெளுத்துவிட்டது. எனக்கு இதெல்லாம் தினசரிச் சமாசாரம். பாடகர் வரியை மறந்தால் கூட்டத்துக்குத் தெரியாமல் ரொப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கடைசி இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு தகிட தகிட என்று சுற்றிச் சுற்றி வாசித்தேன், கையை நிறுத்தாமலே, "மெதுவா எடுத்துட்டு வாங்க தம்பி, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். அவர் ஓடிப்போய் எடுத்துவந்து, இடம் கண்டுபிடித்து, மறுபடி சேர்ந்துகொண்டார். இருவரும் ஒன்றாக முடித்தோம். பிரின்சிபல் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

"கொழந்தைங்களும் இப்படித்தாம்மா, நடுவுல தப்பிச்சி ஓடிடுவாங்க" என்றார். "யாராவது நிறுத்தாம வாசிக்கணும்." திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்.

தெருவில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். கணவர் "இனிமே டீச்சரம்மாவா? பேசவே பயமா இருக்குதே" என்று கேலி செய்தார். பயப்படுங்கள், நல்லது என்றேன்.

முதல் நாள் வேலை முடிந்து வெயில் இருக்கும்போதே வீடு திரும்பினேன். பொழுது சாய்ந்து தெருவில் விளக்குப் போட்டார்கள். கை பழக்கத்தில் பீரோவைத் திறந்து ஜரிகைப் புடவையை எடுத்துவிட்டது. மகள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டுக்குப் போக.

"எங்கடி போற?"

"நீ ப்ரோக்ராமுக்குப் போற இல்ல?"

"இல்ல. இனிமே போகமாட்டேன்."

அவள் நம்பவில்லை. ஒரு செருப்போடு நின்று என்னையே பார்த்தாள். நான் புடவையை உள்ளே வைத்துப் பீரோவைச் சாத்தினேன். கீபோர்டைப் போட்டு உட்கார்ந்து, வேலை வாங்கிக் கொடுத்த அந்தச் சின்னத் துண்டை ஜோராக, விறுவிறுவென்று வாசித்துக் காட்டினேன். அவள் மூக்கைச் சுளித்தாள்.

"தப்பா வாசிக்கறம்மா. இவ்ளோ ஃபாஸ்ட் இல்ல. இது தூங்கற பாட்டு."

"யாருடி சொன்னது? மேலயே எழுதியிருக்கு, விளையாட்டாம்."

"இல்ல. இப்படி." என்று சொல்லி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாடிக் காட்டினாள். வார்த்தை இல்லாமல், லாலாவென்று, அந்த வாரம் முழுக்கத் தூக்கத்தில் கேட்ட அதே மெதுவான நடையில். ஒரு சுரமும் தவறவில்லை. நான் கூடச் சேரலாம் என்று ஆறு கட்டையில் கை வைத்தேன். சேரவில்லை. அவள் குரல் வேறு எங்கோ இருந்தது.

ஊரில் பாடுகிற அத்தனை பேரின் கட்டையும் எனக்குத் தெரியும். என் மகளுக்கு என்ன கட்டை என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பாடி நான் கேட்டதே இல்லை. சாயங்காலத்தில் பாடுகிற பிள்ளை போலிருக்கிறது, காலையில் பின்னல் போடும்போது பாடுவதில்லை.

"நிறுத்தாதடி, பாடிக்கிட்டே இரு" என்றேன். பிளாஸ்திரி ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுத் தேடினேன். நாலு இல்லை. ஐந்தும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், நாலரை. வந்து வாய்த்ததைப் பாருங்கள், இருப்பதிலேயே பொல்லாத கட்டை, ஐந்து கறுப்பையும் தொட்டாக வேண்டும், வெள்ளை இரண்டே இரண்டு. என் மகள் இல்லையா, லேசில் விடுவாளா? அவள் மெதுவாகப் பாடிக்கொண்டே இருந்தாள், நான் ஒரு விரலால் அவள் பின்னாலேயே போனேன்.